குடிகார அய்யாவு

பூதலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அய்யாவு என்ற பெயரில் இரண்டு பேர். ஒருவர் அறுவடை மெஷின் வைத்திருக்கிறார், அதனால் மெஷின் அய்யாவு. இன்னொருவர் என் பக்கத்து வயல்காரர், குடிகார அய்யாவு. இவர் குடியை விட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது.

குடித்தார்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஒரு நாள் மடையை அடைக்க வேண்டியவர் குடித்துவிட்டு வரப்பிலேயே படுத்துவிட்டார். தெருவே சேர்ந்து விட்டிருந்த நாற்றங்கால் மூழ்கி அழுகிப்போனது. அன்றைக்கு ஒட்டிய பேர். அன்றோடு அவரும் நிறுத்திவிட்டார். பேர் மட்டும் நிற்கவில்லை.

மெஷின் அய்யாவு இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் மதுக்கடையில்தான் நிற்கிறார். கேட்டால், அவர் லேசா சாப்பிடுவாருங்க என்பார்கள். இந்த ஊரில் வசதியானவன் குடித்தால் சாப்பிடுகிறான், இல்லாதவன் குடித்தால் தண்ணி போடுகிறான், குடியை விட்டவன்தான் குடிகாரன். நினைத்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. உரக்கடையில் என் பக்கத்து வயல்காரர் மூட்டைமேல் 'கு. அய்யாவு' என்று எழுதி வைக்கிறார்கள். அவர் அப்பா பெயர் சின்னையன். ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய், அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். என் போனிலும் அவர் பேர் அப்படித்தான் இருக்கிறது. நான் மட்டும் என்ன யோக்கியன்?

அவர் மகள் ஜீவிதா ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் முடித்தவள். போன தை மாதம் ஒரு வரன் வந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஊரில் விசாரிப்பது இங்கே வழக்கம். அப்படித்தான் பையனின் அப்பா எங்கள் டீக்கடை வாசலில் பைக்கை நிறுத்தினார். பெஞ்சில் நானும் அய்யாவும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் முகம் எங்களுக்குத் தெரியாது, எங்கள் முகம் அவருக்குத் தெரியாது. அய்யாவிடமே வந்து, அய்யாவு வீடு எது என்று கேட்டார்.

வழி கேட்பவர்களிடம் ஊரே திருப்பிக் கேட்பதைத்தான் இவரும் கேட்டார். யோசிக்கவே இல்லை.

"எந்த அய்யாவுங்க? மெஷின் அய்யாவா, குடிகார அய்யாவா?"

"பொண்ணு மாட்டு டாக்டருக்குப் படிச்சிருக்குல்ல, ஜீவிதா. அவங்க அப்பா."

அய்யாவுக்கு முகம் செத்துப்போனது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நான்தாங்க அது" என்றார்.

பதினொரு வருஷக் கதையை நான் அவசர அவசரமாகச் சொன்னேன். வந்தவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வாங்க என்று அய்யாவு கெஞ்சியதற்கு, இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார். மூன்றாம் நாள், ஜாதகம் ஒத்துவரவில்லை என்று போன் வந்தது. ஜாதகப் பொருத்தம் பார்த்து முடித்த பிறகுதான் ஊரில் விசாரிக்கவே வந்தவர்கள் அவர்கள்!

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஜீவிதா யாரையும் திட்டவில்லை.

"ஊரு சொன்னா சரிப்பா. நீங்களுமா?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொரு வருஷம் ஊர் வாயில் விழுந்தும் அழாத மனுஷன், என் முன்னாலேயே உட்கார்ந்து அழுதார்.