அக்காவின் மிஷின் இருந்த மூலை

எங்கள் அக்கா பள்ளிச் சீருடை தைப்பவள். பதினாறு வருடமாக முன்னறை ஜன்னல் மூலையில்தான் அவள் மிஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரிய வேண்டுமென்றால் பகல் வெளிச்சம் வேண்டும். அந்த வீட்டில் வெளிச்சம் வருவது அங்கே மட்டும்தான். அந்த மூலை போனால் தையலும் போய்விடும். இது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அத்தானுக்குத்தான் அதைத் தெரிந்துகொள்ள நேரமில்லை.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம். பாட்டின் அடித்தொனியை மட்டும் அதிர அதிரக் கொடுக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்று ஏற்கெனவே வைத்திருந்தார். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தால் நெஞ்சு அதிரும். நடுவில் உட்கார்ந்தால் பேஸ் என்கிற அந்த அடித்தொனியே காணாமல் போகும். "ரெண்டு வெச்சாதான் எல்லா சீட்டுக்கும் சமமா வரும்" என்று இன்னொன்று வாங்கி வந்தார். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் சமமாக வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இடம் பார்க்க ஒரு வழி இருக்கிறதாம். புதுப் பெட்டியைத் தூக்கிச் சோபாவில் உட்காரவைத்து, பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டுமாம். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டி. ஐம்பது வயது மனுஷன் கைக்குழந்தை மாதிரி அறையைச் சுற்றி வந்தார். நானும் அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தவழ்ந்தவர் அக்காவின் காலடியில், மிஷினுக்குக் கீழே வந்து நின்றார். எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"இங்கதான்," என்றார்.

"இங்க நான் இருக்கேனே," என்றாள் அக்கா.

"நீ எங்க வேணா தைக்கலாம். இதை எங்க வேணா வைக்க முடியாது."

"அத்தான், உங்களுக்கே இது நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "நீ சும்மா இருடி" என்று என்னை அடக்கியது அக்காதான். அதற்காக அவள் மேல் எனக்கு இன்றும் கோபம்.

மிஷின் சமையலறைப் பக்கத்து நடைக்குப் போனது. துணி மூட்டைகளுக்கு அங்கே இடமில்லை. அவை முன்னறைச் சுவரோரமே கிடந்தன. பல்பு வெளிச்சத்தில் அக்காவின் தையல் கோணியது. ஒவ்வொருவராக வந்து துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். சுவரோரம் காலியானது. ஒரே வருடத்தில் மிஷினை விற்றுவிட்டாள். "கண்ணு சரியா தெரியலடி" என்றாள், தப்பெல்லாம் தன் கண்ணுடையது என்பதுபோல.

போன வாரம் போயிருந்தேன். அத்தான் முன்னறையில் நின்று கையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேஸ் பிரமாதமாம், ஆனால் அறை எதிரொலிக்கிறதாம்.

"சுவரோரமா துணி மூட்டை கெடந்தப்ப இப்படி இல்ல," என்றார் அக்காவிடம். "அதைத் திரும்பக் கொண்டாந்து வை."

அக்கா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "அது ஊரார் துணிங்க. நான் தெச்சாதான் வரும்."

"அப்ப தைக்க வேண்டியதுதானே," என்றார். "யாரு வேணாம்னா?"