ஜெபா அனுப்பிய அப்ரூவல் மெயில்

ஜெபா இறந்துவிட்டாள்.

நேற்று காலை அருள்புரத்தில் அவள் வீட்டில். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாளாம்... அவ்வளவுதான். மூளையில் ரத்தக் கசிவு என்கிறார்கள். முப்பத்து நான்கு வயது.

எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பழைய ஆட்களுக்கு ஜெபராணியைத் தெரியும். தெரியாதவர்களுக்கு... செக்கிங் டேபிளில் பனியனில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தவள். கடைசியில் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு சைபர் செக்யூரிட்டி பார்த்தாள், அதுவும் வீட்டிலிருந்தே.

இந்த மெயில் லிஸ்டில் எல்லோரும் "நல்ல மனுஷி" என்று போடுகிறீர்கள். நானும் போடலாம். ஆனால் எனக்கு அவள் மேல் பொறாமை. நேற்றோடு அது போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அவள் ப்ளஸ் டூ முடித்துவிட்டு நாசரேத் பக்கத்திலிருந்து அம்மா அப்பாவோடு பனியன் வேலைக்கு வந்தவள். டிகிரியைத் தபாலில் முடித்தாள்.

ஒருமுறை ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வைரஸ் புகுந்து ஆர்டர் ஃபைல் எதுவும் திறக்கவில்லை. சரிசெய்ய வந்த ஆள் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது அவள்தான். கம்ப்யூட்டர் படித்த நான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

அப்புறம் இரண்டு பேரும் ஒரே சைபர் செக்யூரிட்டி ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தோம். பையனுக்குப் பரீட்சை, ஷிப்மெண்ட் நெருக்கடி என்று மூன்றாவது வாரம் நான் நின்றுவிட்டேன். அவளுக்கும் அதே ஷிப்மெண்ட்தான்... இடுப்பில் கைக்குழந்தை வேறு.

சர்டிபிகேட் வந்த அன்று முதலில் எனக்குத்தான் காட்டினாள். ரொம்ப சந்தோஷம் என்றேன். வயிறு எரிந்தது.

எம்.டி. சார் அவளை கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்றே போட்டார். முதல் நாளே எங்கள் மானிட்டர்களில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு சீட்டுகளை எல்லாம் கிழித்துப் போட்டாள். என்னுடையது பையன் பெயரும் அவன் பிறந்த வருஷமும்.

ஒரு நாள் எனக்கு மெயில் வந்தது. "பி.பி. சாம்பிள் அப்ரூவ்டு."

என்னைப் போன்ற மெர்சண்டைசர்களுக்கு இதைப் படித்ததுமே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்... அந்த சாம்பிளைப் பார்த்து, ஆர்டர் கொடுத்த பையர் சரி என்று சொன்னால்தான் துணியில் கத்தி வைக்கலாம். அந்த ஒரு வரிக்காக ஆறு நாளாகக் காத்துக்கொண்டிருந்தேன்.

திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். உள்ளே ஒன்றும் வரவில்லை. நெட் ஸ்லோ போலிருக்கிறது என்று நினைத்து, கட்டிங் மாஸ்டர் சாகுல் பாய்க்கு போன் போட்டேன். "அப்ரூவல் வந்துருச்சுங்க பாய், வெட்டிருங்க."

அது ஜெபாவின் டெஸ்ட். பொய் மெயிலில் யார் யார் ஏமாறுகிறோம் என்று பார்க்க அவளே எழுதி அனுப்பியது. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவள் அல்லவா... எதைக் காட்டினால் நாங்கள் விழுவோம் என்று அவளுக்குத் தெரியாதா?

என் பெயரை ஸ்கிரீனில் பார்த்துவிட்டு, அது டெஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போகச் சிரித்துக்கொண்டே வந்தாள். வெட்டச் சொல்லிவிட்டேன் என்றதும் கட்டிங் ஹாலுக்கு ஓடினாள். அதற்குள் ஒரு அடுக்கு துணி முழுவதும் வெட்டியாகிவிட்டது. பனியன் கழுத்தை மாற்றச் சொல்லி பையரிடமிருந்து நிஜ மெயில் அன்று மதியமே வந்தது, வெட்டியதெல்லாம் வீண்.

எம்.டி. வந்து, யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறக்குமுன் ஜெபா முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். டெஸ்ட் மெயில் கட்டிங்குக்கும் போயிட்டு. எந் தப்புதான்."

சாகுல் பாய் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அவள் பக்கத்திலேயே நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

டெஸ்ட் விளையாட்டெல்லாம் இனி வேண்டாம் என்று எம்.டி. அவளை பார்கோடு ஸ்டிக்கர் அடிக்க உட்கார வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்று சொன்னாள்.

"யக்கா, பாஸ்வேர்ட மட்டும் மாத்திருங்க. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை மன்னிக்க இவள் யார் என்று வீம்பு. பாஸ்வேர்டை மாற்றவில்லை. அவள் வேலையை விட்டுப் போன பிறகு மாற்றச் சொல்லவும் ஆபீசில் ஆளில்லை.

மூன்று மாதம் ஸ்டிக்கர் அடித்தாள். அப்புறம் பெங்களூர் வேலை கிடைத்தது. அந்த டெஸ்டைப் பற்றித்தான் இன்டர்வியூவில் அரை மணி நேரம் கேட்டார்களாம், அவளே போன் பண்ணிச் சொன்னாள். என் முட்டாள்தனத்தில் அவளுக்கு வேலை! அதற்குப் பிறகு அவள் போனை நான் பாதி நேரம் எடுத்ததில்லை.

வீட்டில் மாமியார் வேறு. "நீயும் கம்ப்யூட்டர்தான கண்ணு படிச்சே? அந்தப் புள்ள ஊட்ல இருந்தே சம்பாரிக்குதாமா."

நேற்று போயிருந்தேன். பெட்டி பக்கத்தில் நாலைந்து பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள், எல்லோரும் பனியன் கம்பெனிகளில் செக்கிங், பேக்கிங் பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வந்து இவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கு அவள் வழியாகவே வேலையும் கிடைத்திருக்கிறது.

"மேடம், மேடம்" என்று அழுதார்கள். அங்கேயும் எனக்குப் பொறாமைதான்... என்னை யார் அப்படிக் கூப்பிட்டு அழப்போகிறார்கள்?

சாகுல் பாயும் வந்திருந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

எம்.டி. சார், நீங்களும் இந்த லிஸ்டில் இருக்கிறீர்கள். அன்று துணியை வெட்டச் சொன்னது நான். ஜெபா கட்டிங்குக்கு எந்த மெயிலும் அனுப்பவில்லை. நாளைக்கு ஆபீசில் நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபா... இன்று காலை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். போய் வா.