ஆறு துண்டு ஹால் டிக்கெட்

காலை எட்டு பத்துக்கு என் மகள் வசந்தா, "அம்மா, ஹால் டிக்கெட்டை எங்கே வெச்சே?" என்று கேட்டாள். பத்து மணிக்குத் திருவள்ளூரில் எஸ்.எஸ்.எல்.சி. முதல் பரீட்சை. மூன்று வருடமாகியும் அந்தக் கேள்வி என் காதை விட்டுப் போகவில்லை.

கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்து ஷெட்டில் எனக்கு வேலை. வெளிநாட்டு ஆர்டருக்கு ஒட்டுத்துணி விரிப்பு தைப்போம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு மூலையாக வெட்டிய கெட்டிக் காகிதத்தின் மேல் துணியை மடித்து, காகிதத்தோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட வேண்டும். பிறகு துண்டுகளை ஓரத்தோடு ஓரம் கையால் இணைத்துப் பூவாக்க வேண்டும். காகிதம் கடைசியில்தான் வெளியே வரும். அந்தக் காகிதத்தை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவது எங்கள் வழக்கம்.

ஹால் டிக்கெட் மடங்கிவிடக் கூடாதே என்று பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்தவள் நான். முந்தின நாள் அந்தக் கட்டை அப்படியே ஷெட்டுக்குத் தூக்கிப் போய், நான்கு நான்காக அடுக்கிக் கத்தரித்தவளும் நானே.

இருவரும் ஓடினோம். மேஸ்திரி கோவிந்தம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பரீட்சைக்குப் பயந்தவளைப் பாத்திருக்கேன். பரீட்சையையே கத்தரிச்சவளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

தைத்து வைத்த பூக்களையெல்லாம் குப்புறப் போட்டோம். பின்பக்கம் காகிதம் தெரியும்.

"இன்னாடி இது, பாதி முருகரு!"

"எனக்கு மயிலு கால் மட்டும் கெடச்சுகிது."

"அக்கா, நம்பரு இங்க கீது!" என்று கத்தினாள் பக்கத்து இருக்கை ரோசி.

ஒன்பது மணிக்குள் ஆறு துண்டும் கிடைத்தன. பாதி முத்திரை மட்டும் குப்பையோடு போயிருந்தது. பசை அதற்குள் காயாது, தைத்தால் பிரியாது என்றார் மேஸ்திரி. நாலு பேர் உட்கார்ந்து, துணியைப் பிரிக்காமலே துண்டுகளை வரிசை மாற்றி இணைத்தார்கள். நான் ஊசியை எடுத்தேன். "நீ தொடாத, தாயே!" என்றார்கள்.

ஒரு பக்கம் அரசாங்கம், மறுபக்கம் சிவப்புச் சீட்டித்துணிப் பூ. அதைப் பிடித்துக்கொண்டு வசந்தா ஒன்பதே காலுக்கு வண்டி ஏறினாள். கூடக் கிளம்பிய என்னை மேஸ்திரி பிடித்து உட்கார வைத்தார்.

"நீ போய் அழுதா அந்தக் காயிதம் நனையும். ஒக்காரு."

உட்கார்ந்து, ஒரு பூவை என் புடவையோடு சேர்த்தே தைத்தேன். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் இரண்டு பக்கமும் படிக்காமல் நான் கத்தரி வைப்பதில்லை. நீங்களும் வைக்காதீர்கள்.

ஒன்றரை மணிக்கு வசந்தா ஷெட் வாசலில் வந்து நின்றாள். எல்லா ஊசியும் நின்றது.

"எழுதிட்டேம்மா. சூப்பரின்டெண்ட் சார் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. நம்பர் இருக்குது, போய் எழுதுன்னாரு. மீதிப் பரீட்சைக்கும் இதையே கொண்டு வரணுமாம். ஆனா, உங்கம்மா கிட்ட மட்டும் பத்திரமா வைக்கக் குடுத்துடாதேன்னாரு."