தபசுகாலக் கத்தல்

நான் பாடுவதை அம்மா முதன்முதலாகக் கேட்டது குசினிக்குப் பின்னால் நின்றுதான். கேட்டுவிட்டு வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டு மாமியிடம், "ஆர் வீட்டில பண்டி வெட்டுறாங்க?" என்றார். நான் அறைக்குள் தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்திக்கொண்டிருந்தேன். என்னைப் பன்றியாக்கியதில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். மாம்புரியிலிருந்து புத்தளத்துக்கு பஸ்ஸில் போய், ஒரு இரும்புச் சாமான் கடையில் பில் எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சிலாபத்துக்கு ஓடுவேன். அங்கே ஹெவி மெட்டல் இசை வாசிக்கிற நாலு பொடியன்கள், சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு கராஜ். அவர்களிடம் எல்லாம் இருந்தது, குரல் மட்டும் இல்லை. நான் போய் ஒருக்கா கத்திக் காட்டினேன். டிரம்ஸ் அடிப்பவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "அம்மோ!" என்றான். அன்றிலிருந்து நான்தான் குரல். அப்படியொரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு கிடைக்கவேயில்லை.

வாயைத் திறந்தால் கத்தல் தன்பாட்டில் வந்துவிடும் என்று நினைப்பவர்களோடு எனக்கு இன்றைக்கும் ஒத்துவராது. நானும் அப்படி நினைத்துத்தான் முதல் மூன்று மாதம் தொண்டையைக் கிழித்துக்கொண்டேன். எச்சிலில் இரத்தம் வந்தது. கடையில் வாய் பேசாதவள் மாதிரி கையைக் காட்டி வியாபாரம் செய்தேன். பிறகுதான், ஃபோனில் நின்று நின்று ஓடிய வீடியோக்களைப் பார்த்து விஷயம் விளங்கியது. கதைக்கிற குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு இருக்கிறது. கரகரப்பு அங்கே பிறக்க வேண்டும். காற்று வயிற்றிலிருந்து வர வேண்டும். தொண்டை கொட்டாவி விடும்போது போலத் திறந்து கிடக்க வேண்டும். கத்தலிலும் வகை உண்டு: டெத் மெட்டலுக்கு வாயைக் குவித்து அடியிலிருந்து உறும வேண்டும். பிளாக் மெட்டலுக்கு நாக்கை உயர்த்தி மெல்லிசாகக் கீச்சிட வேண்டும். ஹார்ட்கோருக்குச் சண்டைக்காரி மாதிரி குரைத்தால் போதும். அது எனக்குப் பிறவியிலேயே இருந்தது. சரியாகச் செய்தால் ஒரு மணித்தியாலம் கத்திவிட்டு வந்து ஆறுதலாகக் கதை சொல்லலாம்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஏறாது. "பொம்பிளப் பிள்ளை கத்துற கத்தா இது? உன்னை ஆர் கட்டுவான்?" என்பார். தபசுகாலம் வந்தால் இன்னும் மோசம். எங்கள் கரையில் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய அந்த நாற்பது நாளும் வீட்டில் பாட்டு கிடையாது. ரேடியோவுக்குத் துணி போர்த்தாத குறை. அந்த வருடம் சாம்பல் புதனன்றே அம்மா சட்டம் போட்டுவிட்டார்: உயிர்த்த ஞாயிறு வரைக்கும் கத்தக் கூடாது.

"அது பாட்டே இல்லையெண்டு வருசம் முழுக்கச் சொன்னது நீங்கதானே? பாட்டில்லாட்டி இப்ப ஏன் கூடாது?" என்று கேட்டேன்.

"வாயைப் பாரன்! போய்த் தேங்காயைத் திருவு," என்றார்.

அம்மாவுக்கும் ஒரு பாட்டு இருந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் பெண்கள் பாடும் ஒப்பாரி. இறந்த மகனை மடியில் வாங்கும் மாதாவின் புலம்பல் அது. முதற்குரல் அம்மாதான். கலியாணம் கட்டி வந்த வருடத்திலிருந்து அந்த இடத்தை ஒருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மற்ற நாளெல்லாம் கருவாடு காயப்போடும் ஒரு பெண். அந்த ஒரு நாள் மட்டும் ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்து நிற்கும்.

அந்த வருடம் மூன்றாம் வெள்ளி சிலுவைப்பாதையில் அவருடைய குரல் உடைந்தது. இரண்டாவது அடியிலேயே காற்றுப் போய், வெறும் கரகரப்பு. பின்னால் நின்ற டீச்சர் ஒருவர் எடுத்துப் பாடி முடித்தார். நல்ல குரல்தான், பொய் சொல்லக்கூடாது. அடுத்த நாள் கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "இந்த வருசம் கொஞ்சம் ஆறுங்களன் அக்கா. டீச்சர் பாடட்டும்."

"பெரிய வெள்ளிக்குள்ள சரியாகும்," என்றார் அம்மா. அதைச் சொல்லவே அவருக்குக் குரல் வரவில்லை.

இரண்டு நாள் கொத்தமல்லி அவித்துக் குடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ அந்தக் கத்துக் கத்திப்போட்டு வந்து என்னோட சண்டையும் பிடிக்கிறாய். உனக்குத் தொண்டை நோகிறேல்லையா?"

"இல்லை."

"எப்பிடி?"

என் அம்மா என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தது அதுதான் முதல் தடவை. பாயில் நிமிர்ந்து படுக்க வைத்து, வயிற்றில் ஒரு கிலோ பருப்புப் பையை வைத்தேன். பருப்பு ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. கிளாஸ் தண்ணீருக்குள் ஸ்ட்ரோவை விட்டு, முனகியபடி குமிழி ஊத வைத்தேன். "சின்னப்பிள்ளை வேலை," என்று முணுமுணுத்தாலும் காலையும் மாலையும் ஊதினார். கிழமை ஒன்று போக, குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. ஆனால் உச்சத்தில் இன்னும் தொண்டையை இறுக்கினார். அதைத் திறக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

பின்னேரம், காற்று அடிக்கும் நேரத்தில், கரண்ட் எடுக்கிற பெரிய காற்றாடிகள் சுற்றுகிற பக்கம் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். "இப்ப கத்துங்க. வயித்தால." தபசுகாலச் சட்டத்தை அவரே மறந்துவிட்டார். சுற்றிவரப் பார்த்துவிட்டு, கோழியைக் கலைக்கிற அளவுக்கு ஒரு சத்தம் வைத்தார். நான் கத்திக் காட்டினேன். அவர் மறுபடியும் கோழி கலைத்தார். நாலு நாள் போனோம். நாலு நாளும் கோழிதான்.

"எனக்கு அது வராது மகள். விடு," என்றார்.

பெரிய வெள்ளியன்று மூப்பரைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் நின்றார். டீச்சர் பக்கத்திலேயே மைக்கோடு தயாராக நின்றார். முதல் அடிகள் சுத்தமாக வந்தன. மகனை மடியில் வாங்கும் இடம் வந்தது. குரல் உடைந்தது. டீச்சர் மைக்கை உயர்த்தினார். அப்போது அம்மா மூச்சை எடுத்தார். சேலைக்குள் வயிறு ஏறியது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்தது பாட்டில்லை. அடியிலிருந்து ஒரு கத்தல். நீண்டு, கரகரத்து, இறுக்கமே இல்லாமல், கோயில் முகடு வரைக்கும் போனது. எத்தனை மேடையில் ஏறியும் அப்படியொன்றை நான் கத்தியதில்லை. கத்தல் முடிந்த மூச்சிலேயே அடுத்த அடியைப் பிடித்துக் கடைசி வரைக்கும் பாடினார். டீச்சர் மைக்கை இறக்கிவிட்டு அழுதுகொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்க இருந்தோம். "கடற்கரையில வராத கத்து எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அம்மா ஒரு வாய் குடித்தார். "உங்கப்பாவைக் கடல்ல இருந்து எடுத்துக்கொண்டு வந்து, சவப்பெட்டியை மூடேக்க வந்தது அது," என்றார். குரல் தெளிவாக இருந்தது. "உனக்கு அப்ப ஒரு வயசு. மடியில நித்திரை. எழும்பிப்போடுவாய் எண்டு விழுங்கிப்போட்டன்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தி அழுதேன். தொண்டையால், பிழையாக, படித்ததெல்லாம் மறந்து.

"இப்ப ஏன் அழுறாய்? கஞ்சி ஆறுது, குடி," என்றார் அம்மா.