பாடத்திட்டத்தில் இருந்த விரிசல்

நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த ஊரில் பாதி வீடுகளை எழுப்பிக் கொடுத்தவர் கொத்தனார். தன் வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலுக்கு மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே விரிசலுக்கு வயதாகிவிட்டது. ஒருவழியாக நேரம் கிடைத்தபோது அதைத் தொடும் உரிமை அவர் கையை விட்டுப் போயிருந்தது. விரிசல் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

அந்தப் பகுதியைப் பற்றியே அங்கே ஒரு பாடம் வைத்திருந்தார்கள். நிலம் ஏன் குலுங்கியது, எது விழுந்தது, எது நின்றது, மிஞ்சியவர்கள் எப்படித் தலைதூக்கினார்கள் என்று ஆறு மாதம் நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை பேராசிரியை மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி வந்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். கடைசி நிறுத்தம் கொத்தனார் வீட்டுப் பின்னறை. ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை படிப்படியாக ஏறிய அந்த விரிசலை அளப்பார்கள், படமெடுப்பார்கள்.

"இதை மட்டும் மூடிடாதீங்க ஐயா. இவ்வளவு தெளிவான விரிசல் வேற எங்கயும் கிடைக்காது" என்று பேராசிரியை கேட்டுக்கொண்டபோது, அது பாராட்டா வசவா என்று கொத்தனாருக்குப் பிடிபடவில்லை. தலையாட்டி வைத்தார்.

மனைவிக்குப் பிடிபட்டது. "ஊருக்கெல்லாம் சுவர் கட்டுற மனுஷன் வீட்டுச் சுவரு எப்படி உடைஞ்சிருக்குன்னு பாக்க பஸ் வச்சு வர்றாங்க. இந்தப் பெருமை வேற யாருக்குக் கிடைக்கும்?" என்பாள். சொல்லிக்கொண்டே அத்தனை பேருக்கும் டீ போடுவாள்.

மகளுக்கு அந்த அறை ஆகாது. நிலம் குலுங்கியபோது சின்னப் பெண்ணாக அந்த ஜன்னலோரம் படுத்திருந்தவள். மேலே காரை கொட்டியது, காயம் எதுவுமில்லை. பயம் மட்டும் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபின் வருவாள், சாப்பிடுவாள், சிரிப்பாள். இருட்டியதும் லாட்ஜுக்குக் கிளம்பிவிடுவாள். அந்த லாட்ஜையும் அவள் அப்பாதான் கட்டினார் என்பது தனி விஷயம்.

இந்த முறை கைக்குழந்தையோடு வருவதாகப் போன் செய்தாள். "லாட்ஜுல ரூம் சொல்லிட்டேன்ப்பா."

"பச்சக் குழந்தைய லாட்ஜுலயா?"

"பின்ன, அந்தச் சுவத்துக்குக் கீழயா படுக்க வைக்கச் சொல்றீங்க?"

போனை வைத்த கொத்தனார் கரணையை எடுத்தார். விரிசலை வெட்டித் திறந்து, குறுக்கே கம்பி பதித்து, கலவையை அழுத்தி அடைத்துப் பூசினார். காய்ந்ததும் வெள்ளையடித்தார். மகள் வருகிற அன்றுதான் வகுப்பும் வருகிறது என்பது அவருக்கு நினைவிலேயே இல்லை.

உள்ளே வந்த பேராசிரியை, வீடு மாறி நுழைந்தவர்போல் நின்றார்.

"ஐயா... எங்க?"

"மூடிட்டேன் டீச்சரம்மா. பேத்தி வர்றா."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"பண்ணா வேண்டாம்னிருப்பீங்க."

பேராசிரியை சுவரைத் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் பூசியிருக்கீங்க" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

அந்த நேரம் பார்த்து மகளின் வண்டி வந்து நின்றது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாணவர்களை விலக்கியபடி அறை வாசல்வரை வந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"பூசி மறைச்சா சரியாயிடுமாப்பா?"

"உள்ள கம்பி வச்சிருக்கேம்மா. இனி யானை வந்து சாஞ்சாலும் அசையாது."

"அப்பவும் இதைத்தான் சொன்னீங்க."

முதலில் அந்தச் சுவரைக் கட்டியதும் கொத்தனார்தானே.

குழந்தைக்கு முகத்தைக் கோணிக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மாணவி திரும்பினாள். "அக்கா, இந்த விரிசலுக்குக் குறுக்க எங்க சீனியருங்க மெல்லிசா ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டி வச்சிருந்தாங்க. சுவரு மயிரிழை நகர்ந்தாலும் அது உடைஞ்சுடும். வருஷா வருஷம் எடுத்த படமெல்லாம் கிளாஸ்ல பாத்தோம். கடைசி வரைக்கும் உடையவே இல்ல. அன்னிக்கு அசைஞ்சதோட சரி."

"திரும்பவும் நிலம் ஆடினா?"

"ஆடினா எந்த வீடா இருந்தாலும் ஆபத்துதான்க்கா. லாட்ஜும் சேத்துத்தான்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவைப் பார்த்தாள். "கண்ணாடி விஷயத்த நீங்க ஏம்ப்பா சொல்லல?"

"எத்தனை தடவை சொன்னேன்!"

"அப்பா சொன்னா அது பேச்சு. அந்தப் பொண்ணு சொன்னா பாடம்" என்றாள் மனைவி, டீத்தட்டோடு.

கொத்தனாருக்குச் சுருக்கென்றது. ஆனால் மகள் நிலைப்படியைத் தாண்டிவிட்டாள். சுருக்கென்றதைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். அவள் ஜன்னலோரக் கட்டிலில் குழந்தையைக் கிடத்தி, ஒரு கையை அதன்மேல் வைத்தபடி தானும் சாய்ந்தாள். குழந்தை உடனே தூங்கிப்போனது. கொஞ்ச நேரத்தில் அவளும் தூங்கினாள்.

பேராசிரியை குரலைத் தாழ்த்தினார். ஊரையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தைப் பற்றிய பாடம் அன்று குசுகுசுவென்று நடந்தது. மாணவர்கள் கால் மாற்றி நிற்கக்கூட யோசித்தார்கள்.

வெளியே பேருந்து ஓட்டுநர் நேரமாகிறதென்று ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோவதை ஜன்னல் வழியாகப் பார்த்த கொத்தனார், செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.