நானூற்றுப் பதினைந்து மீட்டரில் நிலா

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு ஜெராக்ஸ் கடையில் கலைச்செல்வி டைப் அடிக்க உட்கார்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பட்டா மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் விரல் நிற்காது. தடுக்கி விழுந்தது ஒரே ஒரு முறைதான். ஆனால் விழுந்தாளே ஒரு விழு, கடைத்தெருவே சிரித்தது.

கடைக்கு மேல் மாடியில் முருகையன் சார் டியூஷன் நடத்துகிறார். பிளஸ் ஒன் இயற்பியல். அவருடைய கேள்வித்தாளை முதல்முதலாக அடித்தபோது, பத்தின் தலைமேல் பொடியாக ஏறி உட்கார்ந்திருந்த எட்டை இவள் கீழே இறக்கி வைத்துவிட்டாள். பத்தின் அடுக்கு எட்டு, வெறும் நூற்றெட்டாகிப் போனது. பூமியிலிருந்து நிலா இருக்கும் தூரம் 3.84 பெருக்கல் நூற்றெட்டு! பிள்ளைகள் சமர்த்தாகப் பெருக்கிப் பார்த்தார்கள். நானூற்றுப் பதினைந்து மீட்டர் வந்தது.

"இன்னாம்மா கலை, நிலாவைக் கொண்டாந்து பஸ் ஸ்டாண்டுல நிறுத்திட்ட? ராஜகிரிக் கோட்டையே இதைவிடத் தூரமாச்சே!" என்றார் சார், கடைவாசலில் நின்று.

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய்த்தான் அழுதாள். பிளஸ் டூவில் இயற்பியலில் பெயிலாகிப் படிப்பை விட்டவள் அவள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினால் வலிக்காதா?

வேறு ஒருத்தியாக இருந்தால் அதோடு அந்தக் கேள்வித்தாள் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். இவளுக்கு வீம்பு. அந்தப் பொடி எட்டுக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று பழைய பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டாள். கரண்ட் போகும் நேரமெல்லாம், வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் கணக்குதான். இரண்டின் நிறையையும் பெருக்கு, இடையில் இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் வகு, ஜி என்கிற மாறாத எண்ணால் பெருக்கு. ஒன்றை ஒன்று எவ்வளவு இழுக்கிறது என்று வந்துவிடும். பூமிக்கும் நிலாவுக்கும் போட்டாள். சூரியனுக்கும் நிலாவுக்கும் போட்டாள். வியாழனைக்கூட விடவில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம் சார் கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் கொண்டுவந்தார். மறுநாள் காலை நூற்றிருபது பிள்ளைகளுக்குத் தேர்வு. பதினேழாவது கேள்வி: நிலாவை அதிக விசையோடு இழுப்பது பூமியா, சூரியனா? விடை: பூமி.

ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. சூரியன்தான், இரண்டு மடங்குக்கும் மேலே என்று அவள் கணக்கு சொல்லியிருந்தது. பேசாமல் அடித்துக் கொடுத்துவிடலாம், தப்பு சாரோடு போகும். வாயைத் திறந்து, தன் கணக்கு பிசகியிருந்தால்? இன்னும் பத்து வருஷத்துக்கு நிலாக் கதை ஓடும். ஆனால் சரியாக எழுதுகிற பிள்ளைக்கு மார்க் போகுமே, அது எந்த ஊர் நியாயம்?

"சார், பதினேழு... சூரியன்னு வருது சார்."

"யாரு சொல்றது, நிலாவை நானூறு மீட்டர்ல வெச்ச ஆளா?" சார் சிரித்தார். "சரி, சூரியன்தான் ஜாஸ்தின்னா, நிலாவை ஏன் இன்னும் புடுங்கிக்கினு போவல? சொல்லு பாப்போம்."

கேள்வித்தாளை அடித்து முடித்து நீட்டினாள். "விடைக்குறிப்பை மட்டும் காலைல தரேன் சார்" என்று எழுந்தாள்.

வீட்டுக்குப் போகும் வல்லம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. பக்கத்து வீட்டு நாகம்மாள் இவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரைவர் பிரேக்கை ஓர் அழுத்து அழுத்த, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நாகம்மாளின் கை மட்டும் தோளிலிருந்து நழுவவில்லை.

"அட!" என்று கத்தியேவிட்டாள் கலைச்செல்வி.

"இன்னாடி, காலை மிதிச்சிட்டேனா?" என்றாள் நாகம்மாள்.

காலையில் சார் மாடிப்படி ஏறுமுன் மறித்துக் கணக்குத் தாளை நீட்டினாள்.

"சூரியன் நிலாவை மட்டும் இழுக்கல சார், பூமியையும் சேத்துத்தான் இழுக்குது. ஒரே பஸ்ஸுல நிக்கிறவங்க மாதிரி ரெண்டும் ஒண்ணா சாயுது. அப்புறம் எப்படிப் பிரியும்?"

சார் அங்கேயே நின்று கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். முகத்தில் சிரிப்பில்லை. "பத்தொம்போது வருஷமா தப்பா சொல்லிக்குடுத்திருக்கேன்மா" என்றார். மனுஷன் அதை மென்று முழுங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? தேர்வு முடிந்ததும் அவரே இறங்கி வந்து, "மேல வாம்மா" என்று கூப்பிட்டார்.

"நிலாவை நானூறு மீட்டர்ல நிறுத்துன அம்மா இவங்கதான்" என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். "பதினேழுல என் தப்பைப் புடிச்சதும் இவங்கதான். விடையை இவங்களே எழுதட்டும்." சிரிப்பு நின்றது. சாக்பீஸ் அவள் கைக்கு வந்தது.

பெயிலான நாளுக்குப் பிறகு வகுப்பறைப் பக்கமே போகாதவள். நேரே கரும்பலகைக்குப் போய், சூரியனின் இழுவிசை 4.4 பெருக்கல் பத்து என்று எழுதினாள். பிறகு எம்பி நின்று, பத்தின் தலைமேல் இருக்க வேண்டிய அந்தப் பொடி இருபதைக் கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி, பத்தைவிடப் பெரிதாகப் போட்டாள்.