யானை வெடியும் என் ட்ரம்பெட்டும்

மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குப் போகும் வழியில் நான் வந்த வான் வண்டியின் டயர் காற்றுப் போய்விடுகிறது. சாரதி சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பொழுது படுகிறது. இரு பக்கமும் கதிர் தள்ளிய நெல்.

ஒரு நாள் ஊதாவிட்டாலும் உதடு கெட்டுவிடும் என்று மாணவர்களை அதட்டுகிற ட்ரம்பெட் பேராசிரியர் நான். பெட்டியைத் திறந்து வாத்தியத்தை எடுக்கிறேன். முதலில் மேற்கத்தேய சாஸ்திரிய இசையின் சுத்தமான, நீண்ட சுரங்கள். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கோபத்தில் ஜாஸுக்குத் தாவுகிறேன். தொண்டையால் உறுமிக்கொண்டே ஊதுவது என் தனி வித்தை. எத்தனையோ மேடைகளில் எனக்குக் கைதட்டல் வாங்கித் தந்தது.

வயலுக்கு அப்பால் யாரோ தகரத்தில் அடிக்கிறார்கள். யானை விரட்டும் வெடியொன்று அதிர்கிறது. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள். முன்னால் வரும் பெண்ணின் இடக்கையில் அடுத்த யானை வெடி. வலக்கையில் சோறும் குழம்பும் காயாமல் ஒட்டியிருக்கின்றன.

“யானை எந்தப் பக்கம் போனது, ஐயா?”

ட்ரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் மறைக்கிறேன். சாரதி சிரிக்கிறார். இனி மறைக்க முடியாது.

“நான்தான் ஊதினனான், தங்கச்சி. வெளிநாட்டிலை இதைத்தான் படிப்பிக்கிறன்.”

“இதையோ?”

கூட்டத்தில் சிலர் சிரிக்கிறார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

“இனி இஞ்சை ஊதாதேங்கோ, ஐயா. நாளைக்கு உண்மையா யானை வந்தாலும், நீங்கள்தான் எண்டு நினைச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திடுவம்.”